வாரண்டி முடியாத காருக்கு எந்த எஞ்சின் ஆயில்? புத்தகத்தைத் திறப்பதிலிருந்து பில்லைப் பத்திரப்படுத்துவது வரை

என் மச்சினன் கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவில் இருக்கிறான். புனலூரில் புது பெட்ரோல் கார் எடுத்துப் பத்து மாதம் ஆகியிருந்த நேரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் செங்கோட்டைக்கு வந்து இறங்கியவன், டிக்கியைத் திறந்து நாலு லிட்டர் கேன் ஒன்றை எடுத்து எங்கள் வீட்டுத் திண்ணையில் வைத்தான். 20டபிள்யூ-50 ஆயில்.

"அத்தான், தினமும் மலை ஏறி இறங்குற வண்டி. கட்டி ஆயில் ஊத்தினாத்தான் எஞ்சின் நிக்கும்னு ஜீப் ஓட்டுற அண்ணன் ஒருத்தர் சொன்னாரு. நம்ம ஊர் மெக்கானிக்கிட்ட இன்னைக்கே மாத்திரலாமா?"

நான் கேனை மறுபடி டிக்கியிலேயே வைக்கச் சொன்னேன். ஜீப் ஓட்டும் அண்ணன் சொன்னது பொய் இல்லை. அவருடைய பழைய டீசல் ஜீப்புக்கு அது சரியான யோசனையாகவே இருக்கலாம். ஆனால் வாரண்டியில் இருக்கும் புதுக் காருக்கு ஆயில் தேடும்போது இரண்டு விஷயம்தான் பார்க்க வேண்டும். காரோடு வந்த புத்தகம் சொல்லும் ஆயில்தானா இது? இதைத்தான் ஊற்றினேன் என்று நாளைக்கு என்னால் காட்ட முடியுமா? "உலகத்திலேயே நல்ல ஆயில் எது" என்ற ஆராய்ச்சியை வாரண்டி முடிந்த பிறகு நிம்மதியாக வைத்துக்கொள்ளலாம்.

அன்று மச்சினனுக்குச் சொன்னதையும், அதற்குப் பிறகு நானே பட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

முதல் படி: புத்தகத்தைத் திறங்கள்

டேஷ்போர்டு பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காமல் கிடக்கும் அந்த ஓனர்ஸ் மேனுவல்தான் அடிப்படை. இப்போது சில கம்பெனிகள் புத்தகத்தைத் தருவதில்லை, ஆப்பிலோ இணையதளத்திலோ இருக்கும். கடைசிப் பக்கங்களில் 'ஸ்பெசிஃபிகேஷன்ஸ்' அல்லது 'ரெகமண்டட் லூப்ரிகன்ட்ஸ்' என்ற தலைப்பைத் தேடுங்கள். அங்கிருந்து நாலு விவரத்தை எழுதிக்கொள்ள வேண்டும்: ஆயிலின் கிரேடு, அது எந்தத் தரத்துக்கு உட்பட்டது, ஃபில்டரோடு மாற்றினால் எத்தனை லிட்டர், எத்தனை கிலோமீட்டருக்கு அல்லது எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவது.

அவசரப்பட்டால் தப்பாகிவிடும் இடமும் இதுதான். ஒரே மாடல் கார் இரண்டு மூன்று எஞ்சின்களோடு வருகிறது. சாதா பெட்ரோலுக்கு ஒரு வரி, டர்போ பெட்ரோலுக்கு ஒரு வரி, டீசலுக்கு ஒரு வரி என்று அட்டவணை நீளும். உங்கள் எஞ்சின் எது என்பதை ஆர்.சி.யிலோ இன்வாய்ஸிலோ பார்த்துக்கொண்டு அந்த வரியை மட்டும் படியுங்கள்.

இன்னொன்று எங்கள் பக்கத்துக்கே உரியது. தென்காசி, கடையநல்லூர், புனலூர் என்று எந்தத் தெருவில் பார்த்தாலும் ஒரு வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருப்பார். துபாயில் இருக்கும் சித்தப்பா மகன் அதே பெயருள்ள காரின் புத்தகப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பி, "இங்க இதைத்தான் ஊத்துறாங்க" என்பான். பெயர் ஒன்றாக இருந்தாலும் அங்கே விற்கும் எஞ்சினும் எரிபொருளும் சர்வீஸ் இடைவெளியும் வேறாக இருக்கலாம். இந்தியாவில் விற்ற காருக்கு இந்தியப் புத்தகம்தான் கணக்கு.

சில புத்தகங்களில் கிரேடுகள் வரிசையாக இருக்கும். முதலில் ஒன்றைச் சொல்லிவிட்டு, அது கிடைக்காவிட்டால் இன்னொன்றைப் பயன்படுத்தலாம், அடுத்த முறை முதலில் சொன்னதற்கே திரும்பிவிட வேண்டும் என்று போட்டிருப்பார்கள். அந்தச் சின்ன வரியை விட்டுவிடாதீர்கள். எனக்கு அது எப்படி உதவியது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டாம் படி: எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

0டபிள்யூ-20 என்பதை ஒர்க் ஷாப்பில் 'ஜீரோ டபிள்யூ ட்வென்டி' என்பார்கள். டபிள்யூ என்றால் வின்டர், அதாவது குளிர்காலம். அதற்கு முன்னால் இருக்கும் எண், குளிரில் ஆயில் எவ்வளவு இளகி ஓடும் என்பதைச் சொல்கிறது. எண் சிறிதானால் குளிரிலும் சீக்கிரம் ஓடும். பின்னால் இருக்கும் எண், எஞ்சின் சூடான பிறகு, அதாவது 100 டிகிரி செல்சியஸில், ஆயில் எவ்வளவு கட்டியாக நிற்கும் என்பதைச் சொல்கிறது. 20 என்றால் இளசு, 30 கொஞ்சம் கட்டி, 50 நல்ல கட்டி.

"நம்ம ஊர்ல ஏது குளிர்? ஜீரோ டபிள்யூ எதுக்கு?" என்று கேட்பது நியாயம்தான். 0டபிள்யூ சோதனை மைனஸ் 35 டிகிரியில் நடக்கிறது. குற்றாலத்து மார்கழிக்கு அது தேவையில்லை. ஆனால் எஞ்சினைப் பொறுத்தவரை காலையில் ஸ்டார்ட் செய்யும் 25 டிகிரியே குளிர்தான். 0டபிள்யூ-20 ஆயில் ஒன்றை 40 டிகிரியில் அளந்தால், 100 டிகிரியில் இருப்பதைப் போல ஐந்து மடங்கு கட்டியாக இருக்கும். மார்கழி மாதம் குளியலறை மாடத்தில் இருக்கும் தேங்காய் எண்ணெய் உறைந்துபோய், பாட்டிலைக் கவிழ்த்தாலும் வராமல் நிற்குமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் ஆயில் அப்படி உறையாது. ஆனாலும் ஸ்டார்ட் செய்த முதல் சில வினாடிகளில் மேலே வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் வரை அது ஏறிப் போக வேண்டும். அந்த நேரத்தில் இளசான ஆயில் நல்லது.

மூன்றாம் படி: கட்டி ஆயில் ஆசையை விடுங்கள்

இந்த இடத்தில் கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும். மலையடிவாரத்தில் கார் வைத்திருப்பவர்களிடம் இந்த ஒரு நம்பிக்கையை அசைப்பது கஷ்டம்.

செங்கோட்டையிலிருந்து கிளம்பினால் புளியரை தாண்டி எஸ் வளைவு, ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலை, புனலூர். வால்பாறை ரோட்டின் 40 கொண்டை ஊசி வளைவுகளோடு ஒப்பிட்டால் இது சின்ன மலைதான். ஆனாலும் முன்னால் ஒரு லோடு லாரி மாட்டிக்கொண்டால் இரண்டாவது கியரில் எஞ்சின் கத்திக்கொண்டே ஏற வேண்டும். "இவ்வளவு சூட்டுக்குத் தண்ணி மாதிரி இருக்கிற ஆயில் தாங்குமா?" என்பதுதான் கேள்வி.

தாங்கும். எஞ்சினின் சூட்டை வெளி வெயில் நேரடியாகத் தீர்மானிப்பதில்லை. எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் குறிப்பிட்ட சூட்டைத் தொட்டதும் தெர்மோஸ்டாட் திறந்து ரேடியேட்டருக்கு விடுகிறது, ஃபேன் ஓடுகிறது. வெளியே 25 டிகிரியோ 38 டிகிரியோ, ஓடும் எஞ்சினுக்குள் ஆயிலின் சூடு பெரிதாக மாறிவிடாது. ஏற்றத்தில் கொஞ்சம் கூடும். ஆனால் ஆயிலுக்கு கிரேடு கொடுக்கும்போதே 150 டிகிரி சூட்டில், உலோகங்களுக்கு நடுவே வேகமாகத் தேய்படும் நிலையில் அது எவ்வளவு கட்டியாக நிற்கிறது என்று சோதித்துவிடுகிறார்கள். அந்தச் சோதனையில் தேறாத ஆயில் தன் கேனில் 20 என்று போட்டுக்கொள்ள முடியாது.

புது எஞ்சின்களை வடிவமைப்பதே இளசான ஆயிலை மனதில் வைத்துத்தான். பேரிங்குகளின் இடைவெளி, ஆயில் பம்பின் அளவு, வால்வுகள் திறக்கும் நேரத்தை மாற்றும் விவிடி அமைப்பு எல்லாம் அந்தக் கணக்கில் இருக்கின்றன. விவிடி வேலை செய்வதே ஆயிலின் அழுத்தத்தால். சின்னத் துவாரங்கள் வழியாக ஆயில் போய்த் தள்ள வேண்டிய இடத்தில் 20டபிள்யூ-50 ஊற்றினால், காலை நேரத்தில் அது மெதுவாகத்தான் போகும். மைலேஜும் குறையும்.

அதற்காகக் கட்டி ஆயில் கெட்டது என்று சொல்லிவிட மாட்டேன். ஐரோப்பியக் கம்பெனிகள் சில தங்கள் எஞ்சின்களுக்கு 40 கிரேடையே கேட்கின்றன. அந்த எஞ்சினுக்கு அதுதான் மருந்து. 40 கேட்கும் எஞ்சினில் மைலேஜுக்காக 20 ஊற்றுவதும் இதே அளவு தப்பு. ஜப்பானியக் கம்பெனிகளின் புது பெட்ரோல் கார்களிலோ 0டபிள்யூ-20 சாதாரணம், 0டபிள்யூ-16 கூட வந்துவிட்டது. பார்க்கத் தண்ணீர் போலத்தான் இருக்கும். பயப்பட வேண்டியதில்லை.

நான்காம் படி: எழுத்துகளைப் பொருத்திப் பாருங்கள்

கிரேடு சரியாக இருந்தால் மட்டும் போதாது. ஒரே 5டபிள்யூ-30 கிரேடில் முற்றிலும் வேறான இரண்டு ஆயில்கள் இருக்கலாம். பலரும் சறுக்குவது இங்கேதான்.

பெட்ரோல் காருக்கு ஏபிஐ என்ற அமெரிக்க பெட்ரோலிய நிறுவனத்தின் எழுத்துகளைப் பாருங்கள். 'எஸ்' என்று தொடங்கும். எஸ்என் 2010-இல் வந்தது, எஸ்பி 2020-இல், எஸ்க்யூ 2025-இல். இரண்டாவது எழுத்து அகர வரிசையில் பின்னால் போகப் போகத் தரம் புதிது. புத்தகம் எஸ்என் கேட்டால் எஸ்பி ஊற்றலாம். எஸ்பி கேட்டால் எஸ்என் ஊற்றக் கூடாது. சின்ன டர்போ பெட்ரோல் எஞ்சின் வைத்திருப்பவர்கள் இதில் கறாராக இருக்க வேண்டும். அவ்வகை எஞ்சின்களில் குறைந்த வேகத்தில் ஆக்சிலேட்டரை அழுத்தி ஏறும்போது, ஸ்பார்க் பிளக் பொறி விடுவதற்கு முன்பே எரிபொருள் தானாக வெடித்து பிஸ்டனை உடைக்கும் ஒரு கோளாறு உண்டு. எஸ்பி தரத்தில் அதற்கென்றே ஒரு சோதனை சேர்க்கப்பட்டது. எஸ் வளைவில் லாரிக்குப் பின்னால் மூன்றாவது கியரிலேயே இழுத்துக்கொண்டு ஏறும் பழக்கம் இருந்தால், ஆயிலோடு அந்தப் பழக்கத்தையும் மாற்றுங்கள்.

கேனின் பின்பக்கம் வளையம் போல ஒரு முத்திரை இருக்கும். மேல் வளைவில் ஏபிஐ எழுத்து, நடுவில் கிரேடு. அந்த முத்திரை உரிமம் பெற்ற ஆயிலுக்குத்தான் கிடைக்கும். ஏபிஐயின் இணையதளத்தில் உரிமம் பெற்றவற்றின் பட்டியலைத் தேடியும் பார்க்கலாம்.

டீசல் கார் என்றால் கவனம் இரட்டிப்பாக வேண்டும். 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 என்ற புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு டீசல் கார்களின் புகைக்குழாயில் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. அது கரியைப் பிடித்து வைத்து, பிறகு எரித்துவிடும். ஆனால் ஆயிலில் இருக்கும் சில சேர்க்கைகள் எரிந்து விடும் சாம்பலை அதனால் எரிக்க முடியாது. அது அங்கேயே தங்கி அடைத்துக்கொள்ளும். அதனால்தான் சாம்பல் குறைந்த ஆயிலைக் கேட்கிறார்கள். ஐரோப்பிய ஏசிஇஏ அமைப்பின் சி2, சி3, சி5 போன்ற வகைகள் இதற்காக வந்தவை. இங்கே ஏபிஐ போல 'எண் கூடினால் எல்லாம் பொருந்தும்' என்ற விதி கிடையாது. சி3 கேட்டால் சி3தான். பழைய 15டபிள்யூ-40 டீசல் ஆயிலை இதில் ஊற்றினால், வாரண்டி போவதற்கு முன்பே டிபிஎஃப் போய்விடலாம்.

சில கம்பெனிகள், முக்கியமாக ஐரோப்பியக் கம்பெனிகள், தங்களுடைய சொந்த எண் ஒன்றைக் கேட்கும். ஃபோக்ஸ்வாகன் 504 00, மெர்சிடிஸ் 229.52 என்பது போல. அந்த எண் கேனில் இருந்தாலும் எப்படிப் போட்டிருக்கிறது என்று படியுங்கள். 'அப்ரூவல்' என்றால் கார் கம்பெனி சோதித்து ஒப்புக்கொண்டது. 'சூட்டபிள் ஃபார்', 'மீட்ஸ்' என்றால் ஆயில் கம்பெனி தானே சொல்லிக்கொள்வது. வாரண்டிக் காலத்தில் முதல் வகையை மட்டும் எடுங்கள்.

'ஃபுல்லி சிந்தெடிக்' என்ற பெரிய எழுத்து பற்றி ஒரே ஒரு வரி: கிரேடும் தரமும் பொருந்துவதுதான் முக்கியம், பொருந்தாவிட்டால் அதனால் பயன் இல்லை.

ஐந்தாம் படி: எங்கே மாற்றுவது?

வாரண்டி இருக்கும்வரை கம்பெனி அங்கீகரித்த சர்வீஸ் சென்டரில் மாற்றுங்கள் என்பதே என் கருத்து. வெளி மெக்கானிக்குகளுக்கு வேலை தெரியாது என்று அர்த்தமில்லை. எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணன் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவார். ஆனால் அவர் கையால் எழுதித் தரும் துண்டுச் சீட்டில் ஆயிலின் பெயர் இருக்காது.

சட்டம் உங்கள் பக்கம் கொஞ்சம் இருக்கிறது என்பதும் தெரிந்திருக்கட்டும். இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வண்டியை வெளி மெக்கானிக்கிடம் விட்டார் என்பதற்காக மொத்த வாரண்டியையும் ரத்து செய்யக் கூடாது, அந்த வேலையால் வந்த பாதிப்புக்கு மட்டுமே மறுக்கலாம் என்றும் அதில் சொன்னது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. இந்த உத்தரவை நம்பி வேண்டுமென்றே சண்டையை விலைக்கு வாங்க வேண்டாம். வருடத்துக்கு ஒரு ஆயில் சர்வீஸில் மிச்சமாகும் பணம் எஞ்சின் வேலைச் செலவுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

எல்லையில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. புனலூரில் வாங்கிய காரைத் தென்காசியில் சர்வீஸ் விடலாம், இங்கே வாங்கியதைக் கொல்லத்தில் விடலாம். கம்பெனியின் வாரண்டி விற்ற டீலரோடு கட்டிப்போடப்பட்டது அல்ல. பதிவெண் கேஎல் ஆனாலும் டிஎன் ஆனாலும் விவரம் கம்பெனியின் கம்ப்யூட்டரில் ஏறும். ஏறியதா என்று ஆப்பில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மலையாளத்திலும் தமிழிலும் மாறி மாறிப் பேசி ஏதோ ஒன்றை 'சரி சரி' என்று விட்டுவிடும் பழக்கத்தை மட்டும் சர்வீஸ் கவுன்ட்டரில் விட்டுவிட வேண்டும்.

ஆறாம் படி: சர்வீஸ் அன்று கண்ணைத் திறந்து வையுங்கள்

குற்றாலச் சீசன் நேரம். இந்தப் பக்கம் இடம் கிடைக்காததால் என் காரை எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு சர்வீஸ் சென்டரில் விட்டேன். சாயங்காலம் பில் கைக்கு வந்தது. 'எஞ்சின் ஆயில்' என்று ஒரு வரி, ஏதோ ஒரு பார்ட் நம்பர், அளவு, விலை. கிரேடு இல்லை.

"எந்த ஆயில் ஊத்தினீங்க?" என்று அட்வைசரைக் கேட்டேன்.

"எல்லாம் ஒந்நு தன்னே சேட்டா. கம்பெனி ஆயில்" என்றார் சிரித்துக்கொண்டே.

எனக்கு அது போதவில்லை. ஸ்பேர்ஸ் கவுன்ட்டரில் இருந்த பையனிடம் பார்ட் நம்பரைத் தட்டிப் பார்க்கச் சொன்னேன். 5டபிள்யூ-30 என்று வந்தது. என் புத்தகத்தில் முதலில் இருப்பது 0டபிள்யூ-20. அது கிடைக்காவிட்டால் 5டபிள்யூ-30. ஆக, எஞ்சினுக்கு ஆபத்து ஒன்றுமில்லை. ஆனால் அதை என்னிடம் சொல்லவில்லையே! 0டபிள்யூ-20 ஸ்டாக் இல்லை என்பதையும் 5டபிள்யூ-30 ஊற்றியதையும், வண்டிக்குச் செய்யும் வேலையைக் குறிக்கும் ஜாப் கார்டில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னேன். முகம் கொஞ்சம் சுருங்கியது. பத்து நிமிடம் காத்திருக்க வைத்தார்கள், பிறகு எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த வருடம் வண்டியை விடும்போதே '0டபிள்யூ-20 மட்டும்' என்று ஜாப் கார்டில் எழுத வைத்துவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தேன்.

இதனால்தான் சொல்கிறேன், பேச்சை வைத்துக்கொள்ள வேண்டியது காலையில், சாயங்காலம் அல்ல. வண்டியை விடும்போதே கிரேடு, ஏபிஐ அல்லது ஏசிஇஏ தரம், எத்தனை லிட்டர் என்று ஜாப் கார்டில் ஏற்றச் சொல்லுங்கள். ஆயில் ஃபில்டரும், பழைய ஆயிலை வடிக்கத் திறக்கும் டிரெய்ன் நட்டின் வாஷரும் புதிதாகப் போடுகிறார்களா என்று கேளுங்கள். பேரலில் இருந்து பம்ப் செய்து ஊற்றினால் அளவு 3.2 லிட்டர் என்பது போலச் சரியாக வரும். முழுக் கேனாகப் பில் போட்டால் மீதியைக் கேட்டு வாங்குங்கள். நீங்கள் காசு கொடுத்தது. பின்னால் டாப்-அப் செய்ய அதே ஆயில் வீட்டில் இருப்பதும் நல்லது.

'எஞ்சின் ஃப்ளஷ்', 'ஆயில் அடிட்டிவ்', 'எஞ்சின் கோட்டிங்' என்று பட்டியலில் தானாக ஏறியிருக்கும் வரிகளை அடிக்கச் சொல்லுங்கள். புத்தகத்தில் இல்லாத எதையும் புது எஞ்சினுக்குள் ஊற்ற வேண்டாம். 1,000 கிலோமீட்டரில் ஒருமுறை ஆயில் மாற்றியே ஆக வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். பெரும்பாலான கார்களில் அந்த முதல் சர்வீஸ் வெறும் பரிசோதனைதான், புத்தகம் கேட்காவிட்டால் கட்டாயமில்லை. மனது கேட்காவிட்டால் அதே கிரேடைப் போட்டு பில் வாங்கிக்கொள்ளுங்கள், கெடுதல் இல்லை.

கேனை நீங்களே வாங்கிக் கொடுப்பதாக இருந்தால்

சில சர்வீஸ் சென்டர்கள் ஏற்கும், சில ஏற்காது. ஏற்றாலும் 'வாடிக்கையாளர் கொண்டுவந்த ஆயில்' என்று பில்லில் எழுதிவிடுவார்கள். பிறகு நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில். இதை நான் விரும்புவதில்லை. வாங்கத்தான் வேண்டும் என்றால் ஜிஎஸ்டி பில் தரும் கடையில் வாங்குங்கள். மூடியின் சீல், பேட்ச் எண், தயாரித்த தேதி மூன்றையும் பாருங்கள். மற்ற கடைகளை விட ரொம்பக் குறைவான விலைக்கு வந்தால் தொடாதீர்கள். கள்ள ஆயில்காரர்கள் தேடுவது நல்ல நிலையில் இருக்கும் காலிக் கேனைத்தான். அதனால் காலிக் கேனை ஆணியால் நாலு இடத்தில் குத்திவிட்டுப் போடுங்கள்.

ஏழாம் படி: டிப்ஸ்டிக்கை உருவிப் பழகுங்கள்

எஞ்சினில் ஆயில் மட்டத்தைக் காட்டும் கம்பிதான் டிப்ஸ்டிக். மாதத்துக்கு ஒருமுறை, வண்டி சமதளத்தில் நிற்கும்போது, எஞ்சினை நிறுத்திச் சில நிமிடம் விட்டுப் பாருங்கள். சமதளம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஆரியங்காவு ஏற்றத்தில் ஓரமாக நிறுத்தி, பானெட்டைத் தூக்கி, டிப்ஸ்டிக்கைப் பார்த்துவிட்டு "ஆயிலே இல்ல அத்தான்!" என்று மச்சினன் ஒருமுறை போனில் அலறினான். மூக்கு மேலே நிற்கும் வண்டியில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது, அவ்வளவுதான். நல்லவேளை, கையில் கேன் இல்லை. இருந்திருந்தால் அரை லிட்டர் கூடுதலாக ஊற்றியிருப்பான்.

முறை இதுதான். உருவுங்கள், பழைய வேட்டித் துணியால் துடையுங்கள், முழுதாக உள்ளே விடுங்கள், மறுபடி உருவிப் பாருங்கள். இரண்டு குறிகளுக்கு நடுவே இருந்தால் போதும். கீழ்க் குறிக்கும் மேல் குறிக்கும் இடையில் பல கார்களில் சுமார் ஒரு லிட்டர் பிடிக்கும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பாருங்கள். ஆயில் கறுத்திருக்கிறதே என்று பதற வேண்டாம், அழுக்கைச் சுமப்பது அதன் வேலை. மேல் குறியைத் தாண்டுவதும் ஆபத்துதான். டீசல் காரில் நீங்கள் எதுவும் ஊற்றாமலே மட்டம் ஏறினால், டிபிஎஃப் சுத்தம் முழுமையாக நடக்காமல் டீசல் ஆயிலில் கலக்கிறது என்று பொருள். ஊருக்குள்ளேயே ரெண்டு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தும் வண்டிகளுக்கு இது வரும். உடனே சர்வீஸ் சென்டருக்குப் போய் எழுதி வாங்குங்கள்.

ஆயில் அடிக்கடி குறைகிறது என்றால் தேதி, கிலோமீட்டர், ஊற்றிய அளவு மூன்றையும் ஒரு சின்ன நோட்டில் குறித்து வாருங்கள். வாரண்டியில் கேட்கும்போது "அடிக்கடி குறையுது சார்" என்பதைவிட அந்த நோட்டுக்கு மதிப்பு அதிகம்.

எட்டாம் படி: தேதி

பெரும்பாலான கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முன்னால் வருகிறதோ அது. வளைகுடாவில் இருப்பவர் ஊருக்கு வரும்போது ஓட்ட என்று கார் வாங்கி வைத்திருப்பார். வருடத்துக்கு 3,000 கிலோமீட்டர் கூட ஓடாது. "ஓடவே இல்லையே, ஆயில் எதுக்கு மாத்தணும்?" என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். நின்ற வண்டியின் ஆயிலிலும் ஈரம் சேரும், சேர்க்கைகள் வலுவிழக்கும். அதைவிட முக்கியம், சர்வீஸ் பதிவில் ஒரு வருடம் காலியாக நின்றால் பிறகு எஞ்சின் கோளாறுக்குப் போகும்போது முதலில் காட்டப்படுவது அந்தக் காலி இடம்தான். வீட்டில் இருப்பவர் ஒருவரின் போனில் தேதியைப் போட்டு வையுங்கள்.

கடைசியாக: மறுத்துவிட்டால்

எல்லா இன்வாய்ஸையும் ஜாப் கார்டையும் ஒரு ஃபைலில் வையுங்கள். சூட்டில் எழுத்து மறையும் பில்கள் உண்டு, அவற்றைப் போனிலும் படம் எடுங்கள். எஞ்சினில் ஏதாவது ஆகி, "தப்பான ஆயில், அதனால் வாரண்டி இல்லை" என்று சொன்னால் வாய்ப் பேச்சில் ஒப்புக்கொள்ளாதீர்கள். எந்தக் காரணத்தால், வாரண்டி விதியின் எந்தப் பிரிவின்படி என்று இமெயிலில் கேளுங்கள். எஞ்சினைப் பிரிப்பதற்கு முன் அந்தக் காரணத்தை ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் ஆயிலில் கொஞ்சம் சுத்தமான பாட்டிலில் எடுத்து, இரண்டு தரப்பும் கையெழுத்திட்டு சீல் வைத்துத் தரச் சொல்லுங்கள். அந்த ஆயிலைப் பரிசோதனைக் கூடத்தில் சோதித்தால் கட்டித்தன்மை முதல் உலோகத் துகள் வரை தெரிந்துவிடும்.

அடுத்து கார் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு எழுதுங்கள். அங்கும் நடக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கார் மலைக்கு அந்தப் பக்கம் வாங்கியது என்பதற்காகக் கொல்லத்துக்கு நடையாய் நடக்க வேண்டியதில்லை. 50 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கியதென்றால் மாவட்ட ஆணையம் போதும். பிரச்சினை வந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். காரின் விலை 5 லட்சத்துக்கும் 10 லட்சத்துக்கும் நடுவில் என்றால் கட்டணம் 200 ரூபாய்.

மச்சினனின் 20டபிள்யூ-50 கேன் வீணாகவில்லை. அந்த ஜீப் அண்ணனே அடுத்த வாரம் புளியரை வரை வந்து பாதி விலைக்கு வாங்கிக்கொண்டு போனார்.